காசு கொடுத்துப் பார்த்த மல்யுத்தம்

(தொலைக்காட்சிக் கருத்துமேடை நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழைய அமெரிக்க மல்யுத்தக் காட்சிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உடனே ஒரு கேள்வி வந்தது. “அதெல்லாம் பொய்ச் சண்டைதானே, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?” இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கும் இப்போது அந்தக் கேள்விதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எம்.ஜி.ஆரும் நம்பியாரும் வாள்சண்டை போடும்போது யார் ஜெயிப்பார் என்று தெரியாமலா கொட்டகைக்குப் போனோம்? டிக்கெட் வாங்கும்போதே தெரியும். ஆனாலும் நம்பியார் பின்னாலிருந்து குத்த வந்தால் பாட்டிமார்கள் திரையைப் பார்த்துத் திட்டினார்கள். அதே பாட்டிமார்கள்தான் பிற்காலத்தில் வரவேற்பறையில் உட்கார்ந்து மல்யுத்தமும் பார்த்தார்கள். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் யார் நல்லவன், யார் கெட்டவன், எந்த நடுவருக்குக் கண் தெரியவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நம் வட்டாரத்துக்கும் இது புதிதல்ல. கிங் காங், தாரா சிங் ஆகியோரின் பெயரை இங்குள்ள பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காக்களில் டிக்கெட் வாங்கி அவர்களைப் பார்த்த தலைமுறை அது.

பொய்யா மெய்யா என்ற கேள்விக்கு மல்யுத்த நிறுவனமே ஒருமுறை பதில் சொல்லிவிட்டது. 1989ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று அழைக்கப்பட்ட நிறுவனம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட் சபையிடம் எங்கள் மல்யுத்தம் உண்மையான போட்டி அன்று, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. பல தலைமுறைகளாக மல்யுத்தக்காரர்கள் உயிரைப் போல் காத்து வந்த இரகசியம் அது. வெளியாரிடம் மூச்சு விடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். அதை ஏன் போட்டு உடைத்தார்கள்? விளையாட்டு என்று சொன்னால் மாநில விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பு வரும், உரிமம் எடுக்க வேண்டும், ஒளிபரப்பு வருமானத்துக்கு வரி கட்ட வேண்டும். பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் அவற்றிலிருந்து தப்பிக்கலாம்.

அதாவது, இரகசியத்தை உடைத்தது பணக் கணக்கு. பழைய காட்சிகளைத் திரும்பிப் பார்க்கும்போது நானும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் பழகிவிட்டேன். யார் பணம் கொடுத்தார்கள், யார் வாங்கிக்கொண்டார்கள், யாருடைய உடம்பு அதற்கு விலையானது என்று பார்த்தால் பல முறை பார்த்த ஆட்டம்கூட வேறு மாதிரி தெரிகிறது.

பே-பெர்-வியூ என்றால் என்ன?

இளையவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1980களில் அமெரிக்க வீடுகளில் கேபிள் தொலைக்காட்சி வேகமாகப் பரவியது. மாதச் சந்தாவுக்கு மேல், ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை மட்டும் பார்க்கத் தனிக் கட்டணம் செலுத்தும் முறைதான் பே-பெர்-வியூ. கேபிள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவர்கள் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அந்த நிகழ்ச்சியைத் திறந்துவிடுவார்கள். கட்டணத்தைக் கேபிள் நிறுவனமும் நிகழ்ச்சியை நடத்துபவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அதற்கு முன்பு இருந்த முறை, திரையரங்குகளிலும் உள்ளரங்குகளிலும் பெரிய திரையை வைத்து, நேரடிக் காட்சியை அனுப்பி, வாசலில் டிக்கெட் விற்பது. குத்துச்சண்டைக்கு அதுதான் வழக்கம். 1985ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த முதல் ‘ரெசல்மேனியா’வை மக்கள் பெரும்பாலும் அப்படித்தான் பார்த்தார்கள். சில இடங்களில் மட்டுமே வீட்டுக்கு வந்தது.

அந்த இரவு ஒரு சூதாட்டம். வின்ஸ் மெக்மஹோன் 1982இல் தன் தந்தையிடமிருந்து நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்தார். அன்று அமெரிக்க மல்யுத்தம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைப்பதில்லை. மெக்மஹோன் எல்லாருடைய எல்லைக்குள்ளும் நுழைந்தார். ஹல்க் ஹோகனோடு தொலைக்காட்சி நடிகர் மிஸ்டர் டி ஜோடி சேர்ந்தார். எதிரே ரோடி பைப்பரும் பால் ஆர்ண்டோர்ஃபும். முகம்மது அலியை நடுவர்களில் ஒருவராகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உலகையே ஆட்டிய குத்துச்சண்டை வீரரை இதற்கா அழைத்தார்கள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர் முகத்துக்காக டிக்கெட் வாங்கியவர்களும் இருந்தார்கள். சூதாட்டத்தில் மெக்மஹோன் ஜெயித்தார்.

நமக்கு இங்கே அந்த முறையெல்லாம் எட்டாத தூரம். நம்மில் பலர் இந்தக் காட்சிகளைப் பார்த்தது வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த நாடாவில்தான். முடிவு முன்பே காதில் விழுந்துவிடும். இருந்தாலும் மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடிப் பார்ப்போம். அந்த நாடாக்களில் எத்தனை அசல், எத்தனை நகல் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். அந்த நாடாவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வழக்கில் அது மீண்டும் வரப்போகிறது.

ஒரே இரவில் இரண்டு ஆட்டம்

1987 மார்ச் 29. மிச்சிகன் மாநிலம், பாண்டியாக் சில்வர்டோம் அரங்கம். மூன்றாவது ரெசல்மேனியா. பழைய காட்சிகளில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

கூட்டம் 93,173 பேர் என்று அன்று அறிவித்தார்கள். நிறுவனம் இன்றுவரை அந்த எண்ணை விடவில்லை. மல்யுத்தச் செய்தியாளர்களில் மூத்தவரான டேவ் மெல்ட்சர் உண்மையான எண்ணிக்கை 78,000 அளவில்தான் என்கிறார். எப்படிப் பார்த்தாலும் பெரிய கூட்டம்தான். ஆனால் இருக்கிறதை இருக்கிறபடி சொல்ல அந்தத் தொழிலுக்கு மனம் வராது. கல்யாண வீட்டில் வந்த கூட்டத்தைச் சொல்வதைப் போலத்தான் அதுவும்.

கடைசி ஆட்டம், ஹோகனும் ஆந்த்ரே தி ஜயன்ட்டும். ஆந்த்ரே 15 ஆண்டுகளாகத் தோற்றதே இல்லை, அவரை எவரும் தூக்கிப் போட்டதே இல்லை என்று வாரக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். இரண்டும் பொய். 1980இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹோகன் இதே ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அன்று ஹோகன்தான் வில்லன். ஏழு ஆண்டுகளுக்குள் அமெரிக்கா அதை மறந்துவிட்டது, அல்லது மறந்ததாக நடந்துகொண்டது.

ஆட்டமாகப் பார்த்தால் அது நல்ல ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். மெதுவாக நகரும். தொடக்கத்திலேயே ஹோகன் தூக்க முயன்று, ஆந்த்ரே அவர் மேலேயே விழுந்து, நடுவரின் கை மூன்றாவது முறை இறங்குவதற்குள் ஹோகன் தப்பிப்பார். பிறகு நீண்ட பிடிகள். ஆந்த்ரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துப் பாருங்கள். உடம்பு வளர்வதை நிறுத்தாத அக்ரோமெகலி என்ற நோய் அவருக்கு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். உடைக்குள் முதுகுப் பட்டை கட்டியிருந்தார். அவர் தானே எம்பி ஒத்துழைக்காமல் அவரை எவராலும் தூக்கியிருக்க முடியாது. வலியோடு இருந்த ஒரு மனிதர், இளையவர் ஒருவரின் புகழுக்காகத் தன்னைத் தூக்க விட்டார். அந்த ஒரு நொடிதான் பிறகு எல்லா விளம்பரத்திலும் வந்தது. 1993 ஜனவரியில், தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்சுக்குப் போயிருந்தபோது, பாரிஸ் ஹோட்டல் அறையில் ஆந்த்ரே காலமானார். வயது 46.

அதே இரவின் நடுவில் இன்னோர் ஆட்டம் இருந்தது. ரேண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும். சுமார் 15 நிமிடம்தான். சில மாதங்களுக்கு முன் சாவேஜ் கோதா மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கிவிட்டதாகக் கதை. பழிவாங்க வருகிறார் ஸ்டீம்போட். அன்றைய மல்யுத்தக்காரர்கள் பொதுவாக முடிவை மட்டும் பேசி வைத்துக்கொண்டு, மற்றதைக் கோதாவுக்குள்ளேயே கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அமைத்துக்கொள்வார்கள். சாவேஜ் அப்படிப்பட்டவர் அல்லர். முதல் பிடியிலிருந்து கடைசி எண்ணிக்கை வரை தாளில் எழுதி, இருவரும் பரீட்சைக்குப் படிப்பதைப் போல ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்ததாக ஸ்டீம்போட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அதன் பலன் திரையில் தெரியும். மூன்று எண்ணப்போகும் கட்டம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கூட்டம் எழுந்து நிற்கும். கடைசியில் சாவேஜ் அதே மணியைத் தூக்கிக்கொண்டு கயிற்றின் மேல் ஏறுவார். ஜார்ஜ் ஸ்டீல் என்பவர் அவரைத் தள்ளிவிட, ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடித்துத் தோளைத் தரையில் அழுத்துவார். ஒன்று, இரண்டு, மூன்று. பலமும் பருமனும்தான் மல்யுத்தம் என்றிருந்த காலத்தில் வேகத்தையும் கதையையும் வைத்து ஆடிக் காட்டிய ஆட்டம் அது. பின்னால் வந்த தலைமுறையில் எத்தனையோ பேர் அதைப் பார்த்துத்தான் தொழிலுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள்.

கூட்டத்தை அரங்குக்கு இழுத்தவர்கள் கடைசி ஆட்டத்தின் இருவர். நாடாவை மறுபடி போட வைத்தவர்கள் இந்த இருவர்.

ஒலிவாங்கிக்குப் பின்னால் இருந்தவர்

அந்த இரவு முழுவதும் கேட்கும் இரண்டு குரல்களில் ஒன்று ஜெசி வென்சுராவுடையது. முன்னாள் மல்யுத்தக்காரர், நேர்முக வர்ணனையாளர். எப்போதும் வில்லன் பக்கம் பேசுவார். ‘பிரிடேட்டர்’ படத்தில் நடித்தவர் என்றால் பலருக்கு நினைவுக்கு வரும்.

இவர் 1986இல், இரண்டாவது ரெசல்மேனியாவை ஒட்டிய நாட்களில், உடை மாற்றும் அறையில் சக வீரர்களிடம் ஒன்றைச் சொன்னார். நமக்கு ஒரு தொழிற்சங்கம் வேண்டும் என்றார். அவர் கேட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மல்யுத்தக்காரர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள் என்பதே அங்கு முறை. ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போய் விழுந்து எழ வேண்டும். தோட்டத் தொழிலாளர் சங்கம் பார்த்த நம் குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சில நாட்களில் மெக்மஹோனிடமிருந்து வென்சுராவுக்குத் தொலைபேசி வந்தது. கடும் சத்தம். சங்கப் பேச்சு அதோடு நின்றது. யார் போய்ச் சொன்னது என்பது வென்சுராவுக்குப் பல ஆண்டுகள் தெரியாது.

தெரியவந்தது ஒரு வழக்கில். நான் நினைவில் வைக்கச் சொன்ன வீடியோ நாடா இங்குதான் வருகிறது. பெரிய காட்சிகளை நிறுவனம் நாடாவாக விற்றது. வர்ணனையாளரான தனக்கு அந்த விற்பனையில் பங்கு உண்டா என்று வென்சுரா தரப்பு கேட்டபோது, முக்கிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு என்று பதில் வந்தது. அது உண்மை இல்லை என்று பின்னால் தெரிந்தது. 1991இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1994இல் ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள். 8 லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. மேல்முறையீட்டிலும் அவரே வென்றார். அந்த வழக்கு விசாரணையில்தான், சங்கப் பேச்சை முதலாளியிடம் சொன்னவர் யார் என்ற கேள்விக்கு மெக்மஹோன் பதில் சொன்னார். ஹல்க் ஹோகன்.

ஹோகன் 2025 ஜூலை 24ஆம் தேதி, 71 வயதில் காலமானார். குழந்தைகளுக்கு வைட்டமின் சாப்பிடச் சொன்ன, பிரார்த்தனை செய்யச் சொன்ன கதாநாயகன் அவர். நாம் கைதட்டியது உண்மை, அதை நான் திருப்பி வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் மூன்றாவது ரெசல்மேனியாவை இப்போது பார்க்கும்போது, கோதாவில் ஹோகனும் ஒலிவாங்கியில் வென்சுராவும் ஒரே திரையில் இருப்பது எனக்கு உறுத்துகிறது. அன்று வென்சுராவுக்குத் தெரியாதது இன்று நமக்குத் தெரியும்.

வில்லன் பக்கம் பேசிய அந்த மனிதர் பிறகு மினசோட்டா மாநில ஆளுநரானார். ஆளுநராக இருந்துகொண்டே 1999 சம்மர்சிலாமில் நடுவராக வந்து நின்றார். அமெரிக்கா அப்படிப்பட்ட நாடு.

கேபிள் சண்டை

1987 நவம்பரில் கோதாவுக்கு வெளியே ஒரு சண்டை நடந்தது. தென் மாநிலங்களில் வலுவாக இருந்த ஜிம் குரோக்கெட்டின் நிறுவனம், நன்றி நவிலும் திருநாளன்று ‘ஸ்டார்கேட்’ என்ற தன் பெரிய காட்சியை முதன்முறையாக பே-பெர்-வியூவில் கொடுக்க ஏற்பாடு செய்தது. மெக்மஹோன் அதே நாளில் ‘சர்வைவர் சீரிஸ்’ என்ற புதுக் காட்சியை அறிவித்தார். ஸ்டார்கேட்டைக் காட்டும் கேபிள் நிறுவனத்துக்கு அடுத்த ரெசல்மேனியா கிடையாது என்றும் சொல்லிவிட்டார். ஒரு சில நிறுவனங்கள்தான் குரோக்கெட் பக்கம் நின்றன.

அடுத்த ஜனவரியில் குரோக்கெட் மீண்டும் கட்டணக் காட்சி வைத்தபோது, மெக்மஹோன் ‘ராயல் ரம்ப’லை இலவசமாக ஒளிபரப்பினார். மார்ச் 27ஆம் தேதி குரோக்கெட் பதிலடி கொடுத்தார். நான்காவது ரெசல்மேனியா நடந்த அதே நேரத்தில் ரிக் ஃபிளேரும் ஸ்டிங்கும் மோதிய 45 நிமிட ஆட்டத்தை இலவசமாகக் காட்டினார். சமநிலையில் முடிந்த அந்த ஆட்டம், ஸ்டிங் என்ற இளைஞரை ஒரே இரவில் நட்சத்திரமாக்கியது. ஆனால் கஜானா தாங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் குரோக்கெட்டின் நிறுவனம் டெட் டர்னர் கைக்குப் போனது.

இந்தக் காலத்துக் காட்சிகளில் ஒரு கட்டு இருந்தது. ஆண்டுக்கு நான்கைந்துதான். மாதக்கணக்கில் வாரா வாரம் கதையை வளர்த்து, ஓர் இரவில் முடிப்பார்கள். காசு கேட்கும் இரவில் ஏதாவது நடந்தாக வேண்டும் அல்லவா? 1995 மே மாதத்திலிருந்து மாதம் ஒன்று என்று ஆக்கினார்கள். அப்போதே கதைகளின் மூச்சு குறையத் தொடங்கியது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் 1990களின் பிற்பகுதியைக் கொண்டாடுகிறவர்கள். இருக்கட்டும்.

ஹார்ட் குடும்பம்

கனடாவின் கல்கரி நகரில் ஸ்டு ஹார்ட் என்ற மல்யுத்தக்காரர். அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். வீட்டின் நிலவறையே பயிற்சிக்கூடம். அங்கிருந்து வந்தவர் பிரெட் ஹார்ட். கடைக்குட்டி ஓவன். பிரெட்டின் தங்கையைக் கட்டியவர் இங்கிலாந்துக்காரர் டேவி பாய் ஸ்மித்.

1992 ஆகஸ்ட் 29ஆம் தேதி லண்டன் வெம்பிளி அரங்கத்தில் சம்மர்சிலாம் நடந்தது. 80,000 பேர் கூடினார்கள். கடைசி ஆட்டம் பிரெட்டும் டேவி பாயும். மச்சானும் மைத்துனனும் மோதுகிறார்கள், நடுவில் அண்ணன் பக்கமா கணவன் பக்கமா என்று தெரியாமல் தங்கை அழுகிறாள். இதைத் தமிழ்ப் படம் என்று சொன்னால் நம்பிவிடலாம். கோதாவுக்குள் ஏறிய சில நிமிடங்களிலேயே டேவி பாய் பேசி வைத்ததை எல்லாம் மறந்துவிட்டார் என்றும், ஆட்டம் முழுவதும் அடுத்தது என்ன என்று தான் காதில் சொல்லிக்கொண்டே போனதாகவும் பிரெட் பிற்பாடு எழுதினார். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் திரையில் ஒரு தடுமாற்றத்தையும் என்னால் பிடிக்க முடியவில்லை. சொந்த மண்ணில் டேவி பாய் ஜெயித்தார். 2002இல், 39 வயதில் அவர் இறந்தார்.

1994 மார்ச் 20ஆம் தேதி, பத்தாவது ரெசல்மேனியா. முதல் ஆட்டமே அண்ணன் பிரெட்டும் தம்பி ஓவனும். இருபது நிமிடம். தம்பி ஜெயிக்கிறார். அதே இரவின் கடைசியில் அண்ணன் யோகோசூனாவை வென்று உலகப் பட்டத்தை எடுக்கிறார். எல்லாரும் அண்ணனைத் தோளில் தூக்குகிறார்கள். தம்பி ஓடு பாதையில் வந்து நின்று, சற்று முன் நான் தோற்கடித்தவனையா கொண்டாடுகிறீர்கள் என்பதைப் போலப் பார்க்கிறார். ஒரு வசனமும் கிடையாது. பெரிய நடிகர்களுக்கும் சுலபத்தில் வராத பார்வை அது.

பிறகு மாண்ட்ரியல். 1997 நவம்பர் 9ஆம் தேதி, சர்வைவர் சீரிஸ். பிரெட் அப்போது உலகப் பட்டத்தை வைத்திருந்தார். டர்னரின் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்துக்குப் போக ஒப்பந்தம் ஆகிவிட்டது. தன் சொந்த நாடான கனடாவில், ஷான் மைக்கல்ஸிடம் தோற்றுப் பட்டத்தைக் கொடுக்க அவருக்கு மனம் இல்லை. கடைசி 30 நாட்கள் கதையில் தனக்கும் சொல் உண்டு என்று அவர் ஒப்பந்தத்திலேயே இருந்தது. அடிதடியில் முடிவில்லாமல் ஆட்டத்தை நிறுத்துவது என்று பேசி வைத்தார்கள்.

நடந்தது வேறு. பிரெட்டின் சொந்தப் பிடியையே மைக்கல்ஸ் அவர்மேல் போட்ட கணத்தில், கோதா ஓரத்தில் நின்ற மெக்மஹோன் மணியை அடிக்கச் சொல்லிக் கத்தினார். பிரெட் பணியவில்லை. மணி அடித்துவிட்டார்கள். பொய்ச் சண்டை என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சண்டையில் ஒருவரை மெய்யாகவே ஏமாற்றினார்கள். பிரெட் முதலாளியின் முகத்தில் துப்பினார். உள்ளே போய் ஒரு குத்தும் விட்டார். அது கதையில் இல்லாத குத்து.

பட்டம் என்பது தகரமும் தோலும்தானே, அதற்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்ன ஆனது என்று நான் கேட்கிறேன். பிரெட்டும் டேவி பாயும் நிறுவனத்தை விட்டுப் போனார்கள். ஓவனை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கவில்லை. அவர் அங்கேயே இருந்தார்.

1999 மே 23

கன்சாஸ் சிட்டி, கெம்பர் அரங்கம். காட்சியின் பெயர் ‘ஓவர் தி எட்ஜ்’.

ஓவனுக்கு அப்போது ‘புளூ பிளேசர்’ என்ற கோமாளி வேடம் கொடுத்திருந்தார்கள். நீல முகமூடி, இறகுச் சட்டை, தன்னைப் பெரிய மாவீரன் என்று நினைத்துக்கொள்ளும் பாத்திரம். கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டும். தரைக்குச் சற்று மேலே கொக்கி விடுபட்டு, முகம் குப்புற விழ வேண்டும். எல்லாரும் சிரிக்க வேண்டும். அதற்காகச் சட்டென்று விடுபடும் கொக்கியைப் பொருத்தினார்கள். மேலே இருக்கும்போதே அது விடுபட்டது. சுமார் 78 அடி உயரம். வயது 34. மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள்.

வீட்டில் காசு கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கணத்தில் முன்பே பதிவு செய்த பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. விழுந்ததை அவர்கள் பார்க்கவில்லை. பிறகு வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல, உண்மை என்று சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள். எல்லாம் நாடகம் என்று பழகிய ரசிகர்களிடம், இது நாடகம் இல்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

ஓவனை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். சிறிது நேரத்தில் அடுத்த ஆட்டம் தொடங்கியது. அதே கோதாவில். ஓவன் இறந்துவிட்டார் என்ற செய்தியை ராஸ் தொலைக்காட்சி நேயர்களுக்கு அறிவித்தார். அரங்கில் இருந்த ஆயிரக்கணக்கானோருக்கு எவரும் அறிவிக்கவில்லை. கடைசி ஆட்டமும் நடந்தது. பட்டமும் கை மாறியது.

காசு கொடுத்தவர்களுக்குக் காட்சி காட்ட வேண்டாமா என்று நிறுவனத்துக்காக வாதாடியவர்கள் அன்றும் இருந்தார்கள். நம் ஊரில் ஒரு கட்டுமானத் தளத்தில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தால் அன்று வேலையை நிறுத்துவார்கள், அதிகாரிகள் வருவார்கள். 1989இல் ஒரு மாநிலத்தின் செனட் சபையிடம், நாங்கள் விளையாட்டு இல்லை, பொழுதுபோக்கு, எங்களைக் கண்காணிக்க வேண்டாம் என்று கேட்டார்களே, அந்த வாசகத்தை இந்த இடத்தில் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஓவனின் மனைவி மார்த்தா ஹார்ட் வழக்குத் தொடுத்தார். 2000ஆம் ஆண்டு 18 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. அவர் அந்தப் பணத்திலிருந்து கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். கணவரைப் புகழரங்கில் சேர்க்க அவர் இன்றுவரை சம்மதிக்கவில்லை. ரசிகர்கள் சிலருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. அந்த மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கும் உரிமை யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

‘ஓவர் தி எட்ஜ்’ காட்சியை நிறுவனம் நாடாவாக விற்கவில்லை. 2014இல் தன் இணையச் சேவையைத் தொடங்கியபோதுதான், வெட்டிச் சுருக்கி, ஓவனுக்கு அஞ்சலி வாசகம் சேர்த்து வெளியிட்டது. மாதம் 9.99 டாலர் கட்டினால் பழைய காட்சிகள் அனைத்தும் கிடைக்கும் என்ற அந்தச் சேவையோடு, ஓர் இரவுக்கு ஒரு கட்டணம் என்ற பழைய முறையும் அநேகமாக முடிந்துபோனது.

நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பழைய காட்சிகளில் எதைப் பார்க்கலாம் என்று இடைவேளையில் ஒரு தம்பி கேட்டார். மூன்றாவது ரெசல்மேனியாவில் சாவேஜ், ஸ்டீம்போட் ஆட்டம், அப்படியே வென்சுராவின் குரலையும் கவனித்துக் கேளுங்கள். பிறகு பத்தாவது ரெசல்மேனியாவின் முதல் இருபது நிமிடம். அதில் ஓவனுக்கு 28 வயது. அண்ணனைத் தோற்கடித்துவிட்டு, தன் கைகளையே நம்ப முடியாதவரைப் போலக் கோதாவை விட்டு இறங்கிப் போகிறார். கூட்டம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறது. வில்லனுக்கு அதுதான் பாராட்டு.